விளக்கெண்ணெயில் ஊறிய காது

2004ஆம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சிங்கப்பூர் சிராங்கூன் சாலை மளிகைக்கடை ஒன்றில் நின்று விளக்கெண்ணெய் கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "குழந்தைக்கா, உங்களுக்கா?" என்றார். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. "மைக்குக்குங்க" என்றேன். அவர் காதில் 'மைக்கு' என்று விழுந்திருக்கிறது. "கண்மை கூட்டவா? அப்ப செக்குல ஆட்டினது தர்றேன், அதுலதான் மை நல்லாப் படியும்" என்று மேல்தட்டிலிருந்து வேறொரு புட்டியை எடுத்துக் கொடுத்தார். திருத்தப் பொறுமையில்லாமல் அதையே வாங்கிக்கொண்டேன். நல்ல எண்ணெய்தான்.

அந்த எண்ணெய் ஒரு பிலிம் டப்பாவுக்குள் போனது. டப்பாவுக்குள் ஒரு பித்தளை வட்டு, வட்டிலிருந்து ஒரு வயர், வயரின் மறுமுனையில் ஆம்ப்ளிஃபையர், அதில் ஹெட்போன். தண்ணீருக்கு அடியில் என்ன சத்தம் என்று கேட்கிற கருவி. ஹைட்ரோபோன் என்பது அதன் பெயர். நாங்கள் 'காது' என்றே சொல்லிவந்தோம். நாங்கள் என்றால் நானும் அறந்தாங்கி அண்ணனும். அண்ணன் செய்ய ஆசைப்பட்டது காது இல்லை. நீர்மூழ்கிக் கப்பல்.

அண்ணன் துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். நான் 1998இல் மன்னார்குடியிலிருந்து வந்த எலக்ட்ரிக்கல் டெக்னீஷியன், வேறொரு பட்டறையில் மோட்டார் வேலை. ஞாயிறுதோறும் தேக்காவில் சந்திப்போம். ஊருக்குப் பணம் அனுப்புகிற வரிசை, போன் கார்டு விற்கிறவர்கள், புல்லே தெரியாமல் திடலில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் என்று ஆயிரம் பேருக்கு நடுவில், சட்டைப்பையில் மடித்த தாள் ஒன்றோடு அண்ணன் வருவார். ரிப்பேருக்கு வந்த கப்பலில் யாரோ ஓர் ஐரோப்பிய இன்ஜினியர் போட்டுவிட்டுப்போன பத்திரிகையிலிருந்து கிழித்தது. அதில் மஞ்சள் பெயின்ட் அடித்த, ஒற்றை ஆள் உட்காரும் நீர்மூழ்கியின் படம்.

அந்த நீர்மூழ்கியை வடிவமைத்தவர் ஜார்ஜ் கிட்ரெட்ஜ். அமெரிக்கக் கடற்படையில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். மேய்ன் மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு குட்டி நீர்மூழ்கிகளைக் கட்டினார், தாமே கட்டிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு வரைபடத்தையும் விற்றார். அவருடைய கே-250 என்ற வகையில் 250 என்பது ஆழம், அடிக்கணக்கில். மீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 76. கொல்லைப்புறத்தில், கார் நிறுத்துகிற கொட்டகையில் அப்படிக் கட்டிக்கொண்டவர்கள் உலகத்தில் பல பேர் இருக்கிறார்கள். கார்ல் ஸ்டான்லி என்பவர் 15 வயதில் ஆரம்பித்தார். பின்னால் ஹோண்டுராஸ் நாட்டு ரோவாத்தான் தீவில் தான் கட்டிய நீர்மூழ்கியிலேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆழ்கடல் காட்டுகிற தொழிலுக்குப் போய்விட்டார். "பதினஞ்சு வயசுப் பய ஆரம்பிச்சிருக்கான் தம்பி. நான் பத்து வருஷமா இரும்பு ஒட்டுறேன்" என்பார் அண்ணன்.

பஃபலோ ரோடு சாப்பாட்டுக்கடையில் பில்லுக்குப் பின்னால் கணக்குப் போட்டோம். 1 மீட்டர் விட்டம், இரண்டரை மீட்டர் நீளம் உள்ள ஓர் உருளை. கொள்ளளவு ஏறக்குறைய 2 கன மீட்டர். முழுதாக மூழ்கினால் 2 டன் தண்ணீரைத் தள்ளும். அப்படியென்றால் மொத்த எடையும் 2 டன்னுக்கு வந்தாக வேண்டும். 8 மில்லிமீட்டர் தகடு, பேட்டரி, மோட்டார், அண்ணன், அண்ணனுடைய சாப்பாட்டு டப்பா எல்லாம் கூட்டினாலும் ஒரு டன்தான் வந்தது. மிச்சம் ஒரு டன்னுக்கு ஈயம் வாங்கிக் கட்ட வேண்டும். அண்ணன் பில்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மெதக்கத்தான் காசுன்னு நெனச்சேன். முங்கறதுக்கா இம்புட்டு?"

அடுத்தது ஜன்னல். 20 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் தண்ணீர் 2 கிலோ வைத்து அழுத்தும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஜன்னல் என்றால் அதன் மேல் மொத்தம் ஏறக்குறைய 1,400 கிலோ. ஒரு கார் ஏறி நிற்கிற மாதிரி. அதைத் தாங்குகிற அக்ரிலிக் என்ன விலை என்று விசாரித்தோம். விலையைக் கேட்டபின் அன்றைக்கு அண்ணன் காப்பிகூடக் குடிக்கவில்லை.

இதெல்லாம் தீர்ந்தாலும் எங்கே வைத்துக் கட்டுவது? அண்ணன் இருந்தது 12 பேர் படுக்கும் விடுதி அறை. நான் பஃபலோ ரோடு அடுக்குமாடியில் ஓர் அறைக்குப் பாதி வாடகைக்காரன். கட்டியபின் எங்கே இறக்குவது? சிங்கப்பூர்த் துறைமுகத்தில் எந்த நேரமும் ஏறக்குறைய ஆயிரம் கப்பல் நிற்கும் அல்லது நகரும். சின்னப் படகுக்கே உரிமம் கேட்கிற கடலில், அறந்தாங்கிக்காரர் ஒருவர் வெல்டிங் அடித்த உருளையில் உட்கார்ந்து உள்ளே போவதை யார் அனுமதிப்பார்கள்? கொல்லைப்புறம் உள்ள நாட்டுக்காரர்களின் பொழுதுபோக்கு அது. எங்களுக்குக் கொல்லையும் இல்லை, புறமும் இல்லை.

"நீர்மூழ்கிக்கு ஜன்னலே தேவையில்லை அண்ணே. நெசமான நீர்மூழ்கி எதுலயும் ஜன்னல் கெடையாது. எல்லாம் காதுதான்" என்று ஆறுதலுக்குச் சொன்னேன். சொல்லிமுடித்ததும் எனக்கே அது சரியாகப் பட்டது. போர் நீர்மூழ்கி குருடாகத்தான் போகிறது. பத்து மீட்டருக்கு அப்பால் வெளிச்சம் ஒன்றும் காட்டாத கலங்கல் தண்ணீரில், சத்தம் பல கிலோமீட்டர் வரும். அண்ணன் தலையை ஆட்டினார். "சரி, அப்ப முதல்ல காதைச் செய்யி. ஒடம்பைப் பின்னாடி பாத்துக்கலாம்."

காது எனக்குப் பழக்கமான சமாச்சாரம். அப்பா மன்னார்குடியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். பம்புசெட் மோட்டார் வந்தால் கழற்றுவதற்கு முன் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். "முன் பேரிங் போச்சு, பின்னது இன்னும் ஒரு போகம் ஓடும்" என்பார். பெரும்பாலும் அப்படியே இருக்கும். இரும்புக்குள் இருக்கிற சத்தம் காற்றுக்கு வராது, இரும்பு வழியாகவே காதுக்கு வர வேண்டும் என்று அவர் எங்கேயும் படித்ததில்லை. தண்ணீரும் அப்படித்தான். கடலுக்குள் எழுகிற சத்தம் மேற்பரப்பில் முட்டித் திரும்பிவிடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குத் தாண்டும். கரையில் நின்று கேட்டால் கடல் பேசாமல் இருப்பதாகத் தோன்றுவது இதனால்தான். ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட வேண்டும்.

சாமான் வாங்க நான் அதிகம் அலையவில்லை. ஜாலான் புசாரில் சிம் லிம் டவர் இருக்கிறது. சிம் லிம் ஸ்குவேர் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களுக்கு. டவர் எங்களைப் போன்றவர்களுக்கு, மின்தடையும் டிரான்சிஸ்டரும் சில்லறையாகக் கிடைக்கிற இடம். 27 மில்லிமீட்டர் பைசோ வட்டு நான்கு கேட்டேன். பாட்டுப் பாடும் பிறந்தநாள் அட்டையிலும் அலாரத்திலும் இருப்பது அதுதான். மின்சாரம் கொடுத்தால் அதிர்ந்து சத்தம் போடும். திருப்பி, சத்தம் கொடுத்தால் மின்சாரம் தரும். கடைக்காரச் சீன அங்கிள், "அலாரமா?" என்றார். "கடலுக்குள்ளே போடப் போகிறேன்" என்றேன். "துருப்பிடிக்கும்லா" என்று சொல்லி ஐந்தாவது ஒன்றைச் சும்மா கொடுத்தார்.

ஆம்ப்ளிஃபையர் சுங்கை ரோடு சந்தையில் கிடைத்தது. தரையில் விரித்த தார்ப்பாயின் மேல் பழைய கைக்கடிகாரம், ஒற்றைச் செருப்பு, யாருடைய கல்யாணமோ தெரியாத போட்டோ ஆல்பம் இவற்றுக்கு நடுவில் பேட்டரியில் ஓடும் குட்டி ஆம்ப்ளிஃபையர் ஒன்று. விற்றவர் 8 வெள்ளி சொன்னார், 5 வெள்ளிக்குத் தந்தார். பிலிம் டப்பா போட்டோக் கடைகளில் இலவசம். டிஜிட்டல் கேமரா வந்துகொண்டிருந்த வருஷம் அது. இன்னும் சில வருஷம் தாமதித்திருந்தால் அதுகூடக் கிடைத்திருக்காது.

விளக்கெண்ணெய் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: டப்பாவுக்குள் காற்று இருந்தால், மேற்பரப்பில் நடக்கிற அதே முட்டல் டப்பாச் சுவரிலும் நடக்கும். சத்தம் வட்டுக்குப் போய்ச் சேராது. தண்ணீரையே ஊற்றினால் மின்சாரம் கசியும். தண்ணீரைப் போலவே சத்தத்தைக் கடத்தி, மின்சாரத்தைக் கடத்தாமல், ரப்பரையும் அரிக்காத ஒரு திரவம் வேண்டும். விளக்கெண்ணெயில் சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் வேகத்தில் போகிறது, கடல்நீரில் போவதும் கிட்டத்தட்ட அதே வேகம்தான். கடற்படைகளின் சோனார் கருவிகளுக்குள்ளும் இதே ஆமணக்கு எண்ணெயைத்தான் ஊற்றுகிறார்கள். மாதம் ஒருமுறை மூக்கைப் பிடித்து என் வாயில் ஊற்றிய பாட்டிக்கு இதைச் சொல்ல முடியாமல் போய்விட்டது.

முதல் டப்பா வீணானது. மூடியில் வயர் நுழைகிற இடத்தைச் சரியாக அடைக்கவில்லை. வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்ததும் எண்ணெயும் தண்ணீரும் கலந்து மோர் மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவதில் ரப்பர் வாஷர் கொடுத்து, அண்ணன் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த எம்-சீல் பிசைந்து அப்பினோம். ஒற்றை வட்டுக்குப் பதிலாக இரண்டு வட்டை முதுகோடு முதுகு சேர்த்து ஒட்டினேன். வயர் ஆடுவதால் வருகிற குலுக்கல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், தண்ணீரின் அழுத்தம் மட்டும் கூடும். வட்டுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் ஓர் எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர். அது இல்லாவிட்டால் கனத்த சத்தமெல்லாம் வழியிலேயே செத்துவிடும், கீச்சுச் சத்தம் மட்டும்தான் மிஞ்சும். இந்தப் பாடத்துக்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

குளியலறை வாளியில் சோதித்தபோது காது அருமையாகக் கேட்டது. குழாய்ச் சொட்டு விழுவது தவில் அடி மாதிரி. அறை நண்பர்கள் வரிசையில் நின்று கேட்டார்கள். ஒருவன் வாளிக்குள் வாயை வைத்து அவன் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தின் பெயரையெல்லாம் கூவினான்.

அடுத்த சனிக்கிழமை இரவு செம்பவாங் பூங்காத் துறைமேடைக்குப் போனோம். எதிரே ஜொகூர் விளக்குகள். தூண்டில் போடுகிறவர்கள் பத்து இருபது பேர். ஓரமாக உட்கார்ந்து காதை இறக்கினேன். ஹெட்போனில் சடசடசடவென்று ஒரே வெடிப்பு. இடைவெளியே இல்லை. தாளிக்கும்போது கடுகு வெடிக்குமே, அப்படி. அண்ணனிடம் கொடுத்தேன். ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "தம்பி, சால்டரிங் சரியில்ல" என்றார்.

எனக்கும் அதே சந்தேகம். சரியாக ஒட்டாத ஈயம் அசைந்தால் இப்படித்தான் பொரியும். டிரை சால்டர் என்போம். திரும்பி வந்து எல்லா இணைப்பையும் மறுபடி ஒட்டினேன். வாளியில் போட்டால் அமைதி. செம்பவாங்கில் போட்டால் சடசட. உப்புத் தண்ணீர் எங்கேயோ கசிகிறது என்று முடிவுகட்டி, வாளியில் உப்பைக் கரைத்துப் போட்டுப் பார்த்தேன். அமைதி. மூன்று முறை பிரித்து மூன்று முறை ஒட்டினேன். மோட்டார்க் கடைக்காரர் மகனுக்கு ஒரு வயரை ஒட்டத் தெரியவில்லை என்பது பெரிய அவமானம். சிம் லிம் டவரில் அங்கிளிடம் போய் வேறு வட்டு கேட்டு, குறையைச் சொன்னேன். பக்கத்தில் சாமான் பொறுக்கிக்கொண்டிருந்த கண்ணாடிபோட்ட பையன் ஒருவன், பல்கலைக்கழக மாணவன், திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "உங்கள் சால்டரிங் நன்றாகத்தான் இருக்கிறது. அது இறால்."

சொடுக்கு இறால். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. இரண்டு கொடுக்கில் ஒன்று மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிசாக, குத்துச்சண்டைக்காரன் கையுறை மாதிரி இருக்கும். அதைப் படாரென்று மூடுகிறபோது தண்ணீர் நொடிக்கு ஏறக்குறைய 25 மீட்டர் வேகத்தில் பீய்ச்சும். அந்த வேகத்தில் அழுத்தம் குறைந்து ஒரு குமிழி பிறக்கும், உடனே நொறுங்கும். அந்த நொறுங்கலில்தான் சத்தம் வருகிறது. கொடுக்கின் இரண்டு பாகமும் மோதுவதால்தான் சத்தம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2000ஆம் ஆண்டில்தான் வெர்ஸ்லூயிஸ், ஷ்மிட்ஸ், லோசே முதலானோர் நொடிக்கு 40,000 படம் எடுக்கும் கேமராவை வைத்து, கொடுக்கு மூடிய பிறகே சத்தம் பிறக்கிறது என்று நிரூபித்தார்கள். மறு வருஷம் இன்னொன்றையும் கண்டார்கள். குமிழி நொறுங்குகிற கணத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு மின்னல், உள்ளே 5,000 கெல்வினுக்குக் குறையாத வெப்பம். சூரியனின் மேற்பரப்புக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். தேக்கா ஈரச்சந்தையில் கிலோக் கணக்கில் நான் வாங்கித் தின்ற ஜாதியின் ஒன்றுவிட்ட தம்பி இப்படி ஒரு வேலையைக் கடலுக்கடியில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

என் அவமானமும் பெரிய இடத்து அவமானம்தான் என்று பின்னால் தெரிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படை வெதுவெதுப்பான கடல்களில் ஹைட்ரோபோனைப் போட்டபோது இதே சடசடப்பு வந்து நிபுணர்களையே குழப்பியது. சான் டியேகோவில் மார்ட்டின் ஜான்சன் குழுவினர் ஆராய்ந்து இறாலைப் பிடித்தார்கள். பிறகு அதே சத்தத்துக்குள் நீர்மூழ்கிகள் ஒளிந்துகொள்ளவும் கற்றுக்கொண்டன.

அந்தப் பையன் சொன்ன மற்றொன்றை அன்றைக்கு நான் முழுதாக நம்பவில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஒலியியல் ஆய்வுக்கூடத்தில் ஜான் பாட்டர், மந்தார் சித்ரே போன்றவர்கள் இந்த இறால் சத்தத்தை வெளிச்சமாகப் பயன்படுத்திப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார்கள். பகலில் நாம் டார்ச் அடித்தா பார்க்கிறோம்? சூரிய வெளிச்சம் பொருளில் பட்டுத் திரும்புவதைப் பார்க்கிறோம். அப்படியே கடல் முழுக்க நிறைந்திருக்கும் இறால் சத்தம் ஒரு பொருளில் பட்டுத் திரும்புவதைக் கேட்டால், தான் சத்தமே போடாமல் அதன் உருவத்தைக் கண்டுவிடலாம். அமெரிக்காவில் மைக்கேல் பக்கிங்ஹாம் 1992இல் முன்வைத்த யோசனை. அதற்காகச் சிங்கப்பூரில் ரோமானிஸ் என்று ஒரு கருவி செய்தார்கள், 500க்கும் மேற்பட்ட உணரிகளோடு. என்னிடம் இருந்தது ஒன்று. அதுவும் பிலிம் டப்பா.

இறாலை ஒதுக்கிவிட்டுக் கேட்கப் பழகியதும் துறைமேடை வேறு ஊராகிவிட்டது. தூரத்தில் இழுவைப்படகு வந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தும் தும் என்று புரொப்பெல்லர் அடி விழும். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவார். நிமிஷத்துக்கு 400 அடி, நாலு இலை என்றால் 100 சுற்று. "இதுல ஒரு இலை வளைஞ்சிருக்கு பாரு, நாலாவது அடி தள்ளி விழுது" என்பார். ட்ரைடாக்கில் வளைந்த இலைக்கு வெல்டிங் அடித்தே பழகியவருக்கு அது கண்ணில் தெரிகிற மாதிரி. எனக்கு அப்பாவின் ஸ்க்ரூடிரைவர் ஞாபகம் வரும்.

பக்கத்தில் தூண்டில் போடும் மலாய்ப் பெரியவர் ஒருவர் இருந்தார். பாச்சிக் என்று கூப்பிடுவோம். மூன்று வாரம் எங்களை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு ஒருநாள் ஹெட்போனைக் கேட்டு வாங்கினார். வெகுநேரம் திருப்பித் தரவில்லை. அவருடைய குடும்பம் திரெங்கானுப் பக்கம். அங்கே ஒவ்வொரு மீன்பிடிக் கூட்டத்துக்கும் 'ஜூரு செலாம்' என்று ஒரு தலைவன் இருப்பானாம். படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் தலையை விட்டு, எந்த மீன் எந்தப் பக்கம் எவ்வளவு என்று கேட்டுச் சொல்வான், அதன் பிறகுதான் வலை இறங்கும். "என் தாத்தாவுக்கு இந்த வயர் எல்லாம் இல்லை" என்றார். கர்வத்தோடுதான் சொன்னார். கர்வப்பட வேண்டியதுதான். தண்ணீருக்குள் சத்தம் காற்றைவிட நாலரை மடங்கு வேகமாகப் போவதால், இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வந்து விழுகிற மாதிரி ஆகி, நம் மூளைக்குத் திசையே பிடிபடாது. அந்த மனிதர்கள் அதையும் மீறித் திசை சொன்னார்கள்.

இதை நான் ஒருநாள் சிலோன் ரோடு பிள்ளையார் கோயிலில் பழக்கமான ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் சொன்னேன். தாய்வழி மட்டக்களப்பு. "உதென்ன புதுசு தம்பி? கல்லடிப் பாலத்தடியில நாங்க சவளைத் தண்ணியில விட்டுட்டு மற்ற முனையைக் காதில வைச்சுக் கேட்டனாங்கள்" என்றார். சவள் என்றால் துடுப்பு. அவர் சொன்னது பாடும் மீனை. பௌர்ணமி இரவில் வாவிக்குள் வீணைத்தந்தியை மீட்டுவது போல் ஒரு நாதம். எமர்சன் டெனன்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1848இல் படகில் போய்க் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். படகின் மரத்தில் காதை வைத்தால் சத்தம் கூடுகிறது என்பதையும் அவர் கவனித்திருந்தார். மீனவர்கள் அவருக்கு 'ஊரி' என்ற ஓட்டுப்பிராணியைக் காட்டினார்கள். மீனா, ஊரியா என்ற வழக்கு அன்றிலிருந்தே இருக்கிறது. 1954இல் லாங் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் அந்த நாதத்தை ஒலிப்பதிவு செய்தார், 1960களில் அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. அப்பாவின் ஸ்க்ரூடிரைவரும் மட்டக்களப்பின் சவளும் ஒரே கருவி. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

2005இல் விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகத்தின் புதுக் கட்டடம் திறந்தது. ஏசிக்காகப் போய் உட்கார்ந்த இடத்தில்தான், நாங்கள் காதை இறக்கிக்கொண்டிருந்த அதே ஜொகூர் நீரிணையின் கதை கையில் கிடைத்தது. அண்ணன் ஆசைப்பட்ட குட்டி நீர்மூழ்கி எங்களுக்கு முன்பே அந்தத் தண்ணீருக்குள் வந்துபோயிருக்கிறது.

1945 ஜூலை 31. செம்பவாங் கடற்படைத் தளத்தை ஒட்டி ஜப்பானியரின் தகாவ் என்ற பெரிய குரூசர் நின்றுகொண்டிருந்தது. பிரிட்டிஷ் கடற்படையின் எக்ஸ்.இ.3 என்ற குட்டி நீர்மூழ்கி அதைத் தேடி வந்தது. நீளம் 16 மீட்டர், உள்ளே நான்கே பேர், நிமிர்ந்து நிற்க இடமில்லை. தலைவர் இயன் ஃபிரேசர். வழியில் ஜப்பானியர் ஹைட்ரோபோன் காவல் வைத்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் அவர் பாதுகாப்பான வாய்க்காலை விட்டுவிட்டு வேண்டுமென்றே கண்ணிவெடி விதைத்த தண்ணீருக்குள் போனார். காதைவிடக் கண்ணிவெடி மேல் என்று நினைத்திருக்கிறார்! தகாவின் அடிவயிற்றுக்குக் கீழே நுழைந்ததும் நால்வரில் ஒருவரான ஜேம்ஸ் மெகென்னிஸ் வெளியே போனார். ஒட்டவேண்டிய வெடிகள் ஒட்டவில்லை. கப்பலின் அடியெல்லாம் பர்னக்கிள் படிந்திருந்தது. கத்தியால் அரை மணி நேரம் சுரண்டி, ஆறு வெடியை ஒட்டிவிட்டு உள்ளே வந்தார். நீர்மட்டம் இறங்கிக்கொண்டிருந்ததால் மேலே கப்பலுக்கும் கீழே சேற்றுக்கும் நடுவில் நீர்மூழ்கி சிக்கிக்கொண்டது. வெகுநேரம் முன்னும் பின்னும் முட்டி விடுபட்டபின் பார்த்தால், பக்கவாட்டில் இருந்த காலிப்பெட்டி ஒன்று கழன்று விழாமல் தொங்கியது. களைத்துப்போயிருந்த மெகென்னிஸ் மறுபடியும் வெளியே போய் ஸ்பேனரால் அதைக் கழற்றிவிட்டார். இருவருக்கும் விக்டோரியா கிராஸ்.

அண்ணனுக்கு இதை வாசித்துச் சொன்னேன். வீரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "பர்னக்கிள் சுரண்டறது எம்புட்டுக் கஷ்டம்னு எனக்குத் தெரியும் தம்பி. அதுவும் தண்ணிக்குள்ள, சத்தம் வராம" என்றார். ஜப்பானியர் காவல் வைத்திருந்தால் அவர்களுக்கு என்ன கேட்டிருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி இறால்தான் கேட்டிருக்கும் என்பது என் ஊகம். அவர்களும் சால்டரிங்கைச் சந்தேகப்பட்டிருப்பார்களோ என்னவோ.

பிறகு வாழ்க்கை வழக்கம்போல் நடந்தது. எனக்குக் கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், செம்பவாங் போவது மாதம் ஒருமுறை, பிறகு வருஷம் ஒருமுறை. அண்ணன் 2011இல் ஊருக்கே போய்விட்டார். அறந்தாங்கியில் கேட், கிரில் பட்டறை. கே-250 படத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார், மடிப்பில் கிழிந்து நான்கு துண்டாக. சுங்கை ரோடு சந்தையை 2017 ஜூலை 10 அன்று மூடினார்கள். கடைசி வாரம் நானும் போய் நின்றேன். வாங்க ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது பிள்ளைகள் இதை வேறு மாதிரிச் செய்கிறார்கள். சிங்கப்பூரில் 2013 முதல் தன்னியக்க நீர்மூழ்கி ரோபோப் போட்டி ஒன்று நடக்கிறது. நீச்சல்குளத்தில் விட்டுவிட்டால் யாரும் இயக்காமல் தானே வழி கண்டுபிடித்துப் போக வேண்டும். ஒலி எழுப்பும் கருவி ஒன்றைத் தண்ணீருக்குள் வைத்து, ஹைட்ரோபோனால் கேட்டே அதைக் கண்டுபிடிக்கச் சொல்கிற சுற்றும் உண்டு. இந்தியாவிலிருந்தும் மாணவர்கள் பெட்டிபெட்டியாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நன்றாகத்தான் செய்கிறார்கள். ஆனால் நீச்சல்குளத்தில் இறால் கிடையாது. என்னைப் பொறுத்தவரை அது பாதிக் கடல்தான்.

2023 ஜூன் மாதம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. டைட்டானிக் கப்பலைப் பார்க்க ஐந்து பேரோடு இறங்கிய டைட்டன் நீர்மூழ்கி 18ஆம் தேதி நொறுங்கிப்போன செய்தி வந்திருந்த வாரம். "இரும்புல செஞ்சா எத்தன வேணாலும் ஒட்டலாம் தம்பி. கார்பன் நாருல செஞ்சு அம்புட்டு ஆழம் போனானுவளா?" என்று தொழிற்கோபத்தில் கத்தினார். அந்த நீர்மூழ்கியின் உடம்பிலும் காது வைத்திருந்தார்கள். நார் அறுந்தால் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காகவே ஒலி உணரிகள். 2019இல் அதில் ஏறி இறங்கியவர்களில் எங்கள் பழைய ரோவாத்தான்காரர் கார்ல் ஸ்டான்லியும் ஒருவர். உள்ளே உட்கார்ந்தபோது உடம்பு வெடிக்கிற சத்தம் கேட்டதென்று அதை இயக்கிய நிறுவனத்தின் தலைவருக்கே எழுதி எச்சரித்தார். 2022இல் ஒரு பயணத்தின் முடிவில் பலத்த வெடிச்சத்தம் கேட்டது, உணரிகளும் அதைப் பதிந்தன. அதற்குப் பிறகும் இறக்கினார்கள். சால்டரிங் தப்பு என்று நான் இறாலை நம்பாமல் போனதால் யாருக்கும் நஷ்டமில்லை. இவர்கள் கேட்டதை நம்பாமல் போனதற்கு ஐந்து உயிர். கிட்ரெட்ஜின் வரைபடத்தை வைத்து அண்ணன் கட்டியிருந்தால் இதைவிட ஒழுங்காகக் கட்டியிருப்பார், சந்தேகமேயில்லை.

அண்ணனுடைய கோபம் தணிந்தது, சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியைப் பற்றி நான் படித்துச் சொன்னபிறகுதான். மூன்று பேர் 6,000 மீட்டர் ஆழம் போவதற்கான கோளம், உள்விட்டம் 2.1 மீட்டர், 80 மில்லிமீட்டர் தடிமனுக்கு டைட்டானியம். 2025 தொடக்கத்தில் நீர்மூழ்கியைக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். அண்ணன் ஆட்களைப் பற்றியோ ஆழத்தைப் பற்றியோ கேட்கவில்லை. "எம்பது எம்.எம். டைட்டானியத்தை எப்படித் தம்பி ஒட்டுறாங்க?" எலக்ட்ரான் கற்றையால் என்றேன். கொஞ்ச நேரம் போனில் பேச்சே இல்லை. பிறகு, "ஒருநாள் பார்க்கணும்" என்றார்.

போன மாதம் மகளை அழைத்துக்கொண்டு செம்பவாங் போனேன். அவளுக்காகப் புது வட்டு வாங்கிப் புதுக் காது செய்தேன். பிலிம் டப்பாதான் கிடைக்கவில்லை, மாத்திரை டப்பா போட்டேன். விளக்கெண்ணெய் அதே கடையில். கல்லாவில் இப்போது அந்த அம்மாவின் மகன் இருக்கிறார். எதற்கு என்று கேட்கவில்லை.

நீங்களும் செய்து பார்ப்பதானால் இரண்டு விஷயம். எண்ணெயை ஊற்றும்போது டப்பாவுக்குள் ஒரு குமிழிகூட நிற்கக் கூடாது, தட்டித்தட்டி வெளியேற்றுங்கள். துறைமேடையில் விளக்குக்கம்பத்துக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள், 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எல்லாவற்றையும் மூடிவிடும். கடைசிப் பக்கம், தூண்டில்காரர்களுக்கு அப்பால், இருட்டாக ஓர் இடம் இருக்கும். அங்கே போய் இறக்குங்கள். சடசடவென்று கேட்டால் பிரித்துப் பார்க்க வேண்டாம்.